சுருளிப்பட்டியில் காணாமல் போன பொய் முட்டை

கோழித் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நேரில் வந்து பேசச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. என் முழங்கால் இரண்டும் இப்போது பஸ் படி ஏறச் சம்மதிப்பதில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களுக்கும் இதுதான் வசதி. தூக்கம் வந்தால் மடித்து வைத்துவிடலாம்.

கோழி முட்டையிடத் தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. தீவனம், இடித்த கிளிஞ்சல், நிழலில் தண்ணீர், இருட்டான முட்டைப் பெட்டி எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அதில் பாதியை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியவன் நான். ஒரு வரிகூடத் தப்பில்லை. அத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் கோழி சும்மா உட்கார்ந்திருக்கும் என்கிற வரி மட்டும் விட்டுப்போயிற்று. மூலத்திலேயே அது இல்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பட்டாளத்துக்கு முட்டை வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பண்ணையில் வளர்ந்த வெள்ளைச் சீமைக் கோழிகளைக் கூடை கூடையாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். நான் அப்போது உத்தமபாளையத்து மாட்டாஸ்பத்திரியில் இருந்தேன். இன்டர்மீடியட் தேறியவன், அறிக்கை எழுதத் தெரிந்தவன் என்பதற்காகக் கோழிகளை என் தலையில் கட்டினார்கள். அன்றுமுதல் நான் சைக்கிளில் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பின்னாலிருந்து கொக்கரித்தார்கள். பெரியவர்கள் மரியாதையாகக் "கோழி அய்யா" என்றார்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் சாவிக்கொத்தை ஒப்படைத்தபோது ஒன்று சொன்னார்: "அடுத்தவன் வீட்டுக் கொல்லை வரைக்கும் போற உத்தியோகம் இது. கோழியப் பாரு. வேற எது கண்ணுல பட்டாலும் படாத மாதிரி வெளிய வந்துரு." சோம்பேறித்தனத்துக்கு நல்ல சாக்கு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

திட்டம் எளிமையானது. ஊருக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ஆறு வெடைக்கோழி, அதாவது இன்னும் முதல் முட்டை இடாத இளம் பெட்டைகள். ஒரு சேவல், ஒரு மரப்பெட்டி, அந்தப் பெட்டியில் வைக்க இரண்டு பொய் முட்டை. பொய் முட்டை என்பது சீமைச்சுண்ணாம்பில் செய்த முட்டை. ஏற்கெனவே ஒரு முட்டை கிடக்கிற இடத்தில்தான் கோழி நம்பி முட்டையிடும். அரசாங்கச் சொத்து என்பதால் ஒவ்வொரு பொய் முட்டையிலும் ஊதா மையில் முத்திரை குத்தியிருக்கும். கோழிகள் முட்டையிட ஆரம்பித்துவிட்டால் முட்டையைத் துறை வாங்கிக்கொள்ளும், கோழிகள் அந்த வீட்டுக்கே சொந்தமாகும். அதிகாரி பார்வையிட வரும்போதும் முட்டை இல்லையென்றால் கோழிகளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

சுருளிப்பட்டியில் சின்னத்தாய் என்பவள் கோழிகளை வாங்கிக்கொண்டாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் புருஷனோடு மலைக்குப் போனவள், மலைக்காய்ச்சலுக்கு அவனை அங்கேயே புதைத்துவிட்டுத் தனியாக இறங்கி வந்து தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி முத்தையாவும் மலையில்தான் வேலை பார்த்தான், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில். எப்போதாவது இறங்கி வருவான். அவன் மனைவி பேச்சியம்மாள் சின்னப் பெண், அதிகம் பேசாதவள்.

கோழிகள் வந்து சில வாரம் கழித்து நான் போனபோது முத்தையா வீட்டில் இருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அரிசி கிடைக்காத காலத்தில் மூன்று வயிற்றை நிரப்ப வேண்டியவன்.

"கோழி அய்யா, ஒண்ணு கேக்குறேன் தப்பா நெனைக்காதீக. இதுக கம்பு திங்குது, தவிடு திங்குது, இடிச்ச கிளிஞ்ச திங்குது. நாங்க திங்காததெல்லாம் திங்குது. முட்ட எங்க?"

"வயது வரவேண்டும். வந்துவிடும்."

"எப்ப?"

எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் கிடையாது. அதிகாரி வருவதற்குள் வந்துவிடும் என்றேன்.

"அப்ப அதுதேன் கெடு. அதிகாரி வர்றன்னைக்கு நானும் வந்துருவேன். முட்ட இருந்தா அக்கா இங்கன இருந்து யாவாரம் பாக்கட்டும். இல்லாட்டி கோழியும் போகட்டும், அக்காவும் எங்கூட மலைக்கு வரட்டும். ஸ்டோருல ஆளு கேக்குறாக."

சின்னத்தாய் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது, முகம் நிமிரவில்லை. அந்த மலையில் அவளுக்கு எது இருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முத்தையாவுக்கும் தெரியும். அதனால்தான் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

அதன் பிறகு நான் அந்த வீட்டுக்கு அடிக்கடி போனேன். வெயில் சரியாக இருந்தது, தீவனம் சரியாக இருந்தது. கொண்டை சிவந்து பெருத்துவிட்டது. முட்டையிடப் போகும் கோழிக்கு இருக்க வேண்டிய அடையாளங்கள் எல்லாம் இருந்தன. முட்டை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் எப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொண்டிருப்பாள். அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

"அய்யா, நீங்க படிச்சவுக. ஆனாலும் சொல்றேன். அந்தக் கண்ணு பட்டா கோழி எப்பிடி முட்ட போடும்? இந்த வீட்டுல பேச்சிக்கு ரெண்டு தடவ வயித்துல நின்னது நிக்காமப் போச்சே, அது ஏன்னு நெனைக்கிறீக?"

சின்னத்தாய் காதில் விழட்டும் என்றே சொன்னாள். விழுந்தது.

காரணம் கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. இந்தப் பக்கத்தில் கோழி வளர்க்கும் எந்தப் பெண்ணும் விடிந்ததும் செய்கிற வேலை ஒன்று உண்டு. கோழியைத் திறந்துவிடுமுன் வாலடியில் விரல் வைத்து உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அன்று அந்தக் கோழியைப் பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் கூடையில், கவிழ்த்துவிடுவார்கள். இல்லையென்றால் அது அடுத்த வீட்டு வைக்கோல் போரில் முட்டையை இட்டுவிட்டு வந்துவிடும். நாட்டுக்கோழிக்கு இது பழக்கம். பண்ணைக்கோழி இதற்கு முன் மனித விரலையே அறியாதது.

சின்னத்தாய் விடிந்ததும் ஆறையும் பார்த்தாள். கஞ்சி குடித்ததும் பார்த்தாள். உச்சிப் பொழுதில் பார்த்தாள். அடைக்கும்போதும் பார்த்தாள். அவள் சேலை நிறம் கண்ணில் பட்டாலே கோழிகள் வேலியோரம் ஓடின. பயந்த கோழி முட்டையிடாது. இது கையேட்டில் இருக்கிறது.

"தொடாதே" என்றேன்.

"தொடலய்யா."

"வால் இறகெல்லாம் கலைந்திருக்கிறதே."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "நான் சும்மாதேன் இருக்கேன். கைதேன் போகுது" என்றாள்.

இதற்கு மேல் ஒருத்தியை என்ன சொல்ல முடியும்? அவள் கையைக் கட்டிப்போடும் அதிகாரம் துறை எனக்குத் தரவில்லை. கோழியை மறந்து வேறு வேலை பார் என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை. மலைக்குப் போவதா வேண்டாமா என்பதை ஒரு கோழியின் வயிற்றில் கொண்டுபோய் வைத்த பிறகு அந்தக் கோழியை மறக்கச் சொல்வது நியாயமும் இல்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின வாரம் போனேன். பெட்டியில் ஒரே ஒரு பொய் முட்டைதான் இருந்தது.

"இன்னொன்று?"

"பெருச்சாளி இழுத்துட்டுப் போயிருச்சுய்யா" என்றாள் சின்னத்தாய். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் தோன்றியது.

அரசாங்கச் சொத்து தொலைந்தால் முதலில் தேட வேண்டும், பிறகு தேடியதாக எழுத வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் செய்வார்கள். நான் தேடினேன். கோழிகள் புரள்வதற்காக ஒரு பழைய தொட்டியில் அடுப்புச் சாம்பல் கொட்டி வைத்திருந்தார்கள். அதைக் கிளறியபோது பொய் முட்டை கிடைத்தது. முழுதாக இல்லை. ஒரு பக்கம் இல்லை. இல்லாத பக்கத்தின் ஓரத்தில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

கோழிக்குப் பல் கிடையாது. இதற்கு இன்டர்மீடியட் தேவையில்லை. பெருச்சாளிக்குப் பல் உண்டு, ஆனால் அது சுரண்டும். இது கடித்தது. நிதானமாக, ருசித்துக் கடித்தது.

நிமிர்ந்தேன். பேச்சியம்மாள் ஆட்டுக்கல் பக்கத்தில் நின்று கொண்டிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்தாள். அவள் கை தானாகச் சேலைத் தலைப்பை எடுத்து உதட்டோரத்தைத் துடைத்தது. துடைத்த பிறகுதான், துடைத்திருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது.

சின்னத்தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பேச்சி கிட்டே வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். அவள் என்னிடம் அத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

"அய்யா, யார்ட்டயும் சொல்லிராதீக. அவுகளுக்கே தெரியாது."

"உன் புருஷனுக்குமா?"

"போன ரெண்டு தடவையும் மொதல்லயே சொன்னேன். தெருவே வந்து பாத்துச்சு. ரெண்டும் தங்கல. இந்தத் தடவ வயித்துல அசையிற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு இருக்கேன்."

"சின்னத்தாய்க்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மதினிக்குந்தேன். ஒச்சம்மா சொல்லுதுல்ல…" என்று பாதியில் நிறுத்தினாள். பிறகு, "நான் அப்பிடி நெனைக்கலய்யா. ஆனா பயமா இருக்கு" என்றாள்.

கடித்த முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

உங்களில் கணக்கு நன்றாகப் போடுகிறவர்கள் இதற்குள் போட்டிருப்பீர்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று தெரிந்தால் முத்தையா தன் அக்காவை மலைக்குக் கூட்டிப்போக மாட்டான். அவள் இல்லாமல் யார் பார்ப்பது? ஆக, கோழி முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் சின்னத்தாயைக் காப்பாற்றக் கூடிய ஒரே சேதி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அது என்னுடைய சேதி இல்லை. ஒருத்தியின் பயத்தை எடுத்து இன்னொருத்தியின் பயத்தைத் தீர்ப்பதா என்று உத்தமபாளையம் போய்ச் சேரும் வரை யோசித்தேன். எதிர்க்காற்று வேறு. ஒரு முடிவுக்கும் வரவில்லை.

அதிகாரி கரிப்புகை விட்டுக்கொண்டு வந்த பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்களெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. அவர் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. அதனால் இறங்கும்போதே கோபமாக இருந்தார். கூட ஒரு டவாலிச் சேவகன். முத்தையா சொன்னபடி மலையிலிருந்து வந்திருந்தான். ஒச்சம்மாளும் அவள் கூட்டமும் வேலியோரம் இடம்பிடித்திருந்தார்கள்.

அதிகாரி பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொண்டை நன்றாக இருக்கிறது. தீவனம்?"

"முறைப்படி."

"கிளிஞ்சல்?"

"முறைப்படி."

"அப்புறம் ஏன் முட்டை இல்லை?"

"கோழிகள் பயந்திருக்கின்றன."

"யாரைப் பார்த்து?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மறுபடி பெட்டிக்குள் குனிந்தார். "பொய் முட்டை இரண்டு கொடுத்தோம். ஒன்றுதான் இருக்கிறது."

"பெருச்சாளி கொண்டு போயிருச்சு சாமி" என்றாள் சின்னத்தாய்.

"சீமைச்சுண்ணாம்பு தின்கிற பெருச்சாளியா? எங்கே, அதைக் கொஞ்சம் கூப்பிடு."

டவாலி சிரித்தான். அதிகாரி வேடிக்கை பேசினால் சிரிப்பதும் அவன் வேலையில் சேர்ந்தது. வேலியோரமும் சிரித்தது.

"பத்திரமா வச்சுக்கத் தெரியலயா, இல்ல வித்துட்டியா?" என்றார் அதிகாரி.

"அத யாரு சாமி வாங்குவா? கொழம்பு வைக்கவா முடியும்?" என்றாள் சின்னத்தாய். அழாமல் சொன்னாள். அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் இருந்தது எனக்குப் பிடித்தது.

முத்தையாவுக்குப் பிடிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "பேசாம இரு அக்கா. சர்க்கார் பொருளக் களவாண்டாகன்னு ஊரு சொல்றதுக்கு ஒரு முட்ட, அதுவும் கல்லு முட்ட. போதும். சட்டி முட்டியக் கட்டு. நாளைக்கு நீ எங்கூட வர்ற."

சின்னத்தாய் திரும்பினாள். கோழிகளைப் பார்த்தாள். கோழிகள் வழக்கம்போல அவளைப் பார்த்து ஒதுங்கின.

அதிகாரி கோழிகளை உத்தமபாளையத்துக்கு மாற்ற உத்தரவு எழுத ஆரம்பித்தார். என் கை சட்டைப் பையில் இருந்தது. விரலுக்கு அந்தப் பல் தடம் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினால் ஒரே நொடியில் வேலை முடிந்துவிடும். அந்த நொடிக்குப் பிறகு பேச்சியம்மாள் அந்த வேலியோரக் கண்கள் அத்தனைக்கும் முன்னால் நிற்க வேண்டும். நான்தான் உடைத்துவிட்டேன் என்று சொல்லலாம். களவுப் பேர் போகும், மலைப் பயணம் போகாது. இருந்தாலும் ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு இதையாவது செய்யலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அய்யா, அந்த முட்டை என்னிடம்தான்…"

"பெருச்சாளியுமில்ல, ஒண்ணுமில்ல. நான்தேன் தின்னேன்."

குரல் நிலைப்படியிலிருந்து வந்தது. பேச்சியம்மாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "எதை?"

"முட்டைய."

"எந்த முட்டையை?"

"அந்த வெள்ளக் கட்டியத்தேன். பெட்டியக் கூட்டப் போனேன், வாசம் இழுத்துச்சு. கடிச்சுட்டேன்."

அவர் முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வாக்குமூலத்தைக் கேட்டிருக்க மாட்டார். "அதில் அரசாங்க முத்திரை இருந்ததே" என்றார், வேறு ஒன்றும் தோன்றாமல்.

"அது கசந்துச்சு. துப்பிட்டேன்."

 வேலியோரத்தில் ஒச்சம்மாள் வாயில் கை வைத்தாள். "அடி ஆத்தீ! இது மசக்கையாச்சே!"

சாம்பல், செங்கல் பொடி, சுண்ணாம்பு என்று மசக்கைக்காரிகள் எதைத் தின்பார்கள் என்பது அங்கே நின்ற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. அவர் முகத்திலிருந்து கோபம் இறங்கிவிட்டது. "உட்காரம்மா" என்றார். முத்தையாவுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. 

நான் சின்னத்தாயைப் பார்த்தேன். அவள் செய்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பேச்சி பக்கம் திரும்பப் போனவள், சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான் பாக்கல ஆத்தா. நான் ஒன்னியப் பாக்கவே இல்ல" என்றாள் சுவரைப் பார்த்து. "பயப்படாத. நான் மலைக்குப் போயிர்றேன்."

பேச்சி நிலைப்படியிலிருந்து இறங்கினாள்.  கொல்லையைக் கடந்து போய்ச் சின்னத்தாயின் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். திருப்ப முடியவில்லை. அந்தத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கன பாருங்க மதினி."

"வேணாம்த்தா."

"பாருங்கன்னா பாருங்க. நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்? ஒச்சம்மாவா வந்து கஞ்சி ஊத்தும்?"

வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. சின்னத்தாய் தலைப்பை விட்டாள். பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

உணர்ச்சி வேறு, உத்தரவு வேறு என்பதை அதிகாரி கிளம்பும்போது எனக்கு நினைவூட்டினார். முட்டையிடாத கோழிகளை மாற்றுவது விதி. கையெழுத்துப் போட்டுவிட்டார். பொய் முட்டைக்கு என்ன எழுதுவது என்பதில்தான் அவருக்குச் சிரமம். உடைந்தது, தொலைந்தது, களவு போனது என்று மூன்றுதான் எழுத இடம் இருந்தது. தின்னப்பட்டது என்று இல்லை. யோசித்து, "உடைந்தது" என்று எழுதினார். நான் பையிலிருந்த துண்டை எடுக்கவில்லை. அதற்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது. முன்னவர் சொன்னதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேனே, அவர் சொன்னதில் பாதி சரி. கண்ணில் படாத மாதிரி வெளியே வந்துவிட வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். அது யாருடையதோ அவர்களே எடுத்து வெளியே வைக்க ஒரு அவகாசம் கிடைக்கும். நானும் அன்று முந்திக்கொண்டு வாயைத் திறந்தவன்தான். அவள்தான் என் பொய்யை முடிக்கவிடவில்லை.

மறுநாள் முத்தையா தனியாக மலையேறினான். "அக்கா, நீ இங்கனயே இருந்து அவளப் பாத்துக்க" என்று சொன்னானாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உத்தரவை உடனே நிறைவேற்றியிருக்கலாம். ஆனால் கோழிகளை ஊர் மாற்றுவதற்குத் துறைக் கூடைகளில்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நம்மிடம் இருந்த கூடைகள் அளவில் சிறியவை. சரியான அளவுக் கூடை கேட்டு மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். விளக்கம் கேட்டு எழுதினார்கள். விளக்கம் எழுதினேன். விதி தெரிந்தவன் அதை வேகத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கடைசியில் கூடைகள் வந்துவிட்டன. ஒரு காலை சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டி போனேன். கொல்லையில் யாரும் இல்லை. பஞ்சாரம் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் துணி காய்ந்தது. கோழிகள் என்னைக் கண்டு ஓடவில்லை. சாம்பலில் நிதானமாகப் புரண்டு கொண்டிருந்தன. வால் இறகுகள் கலையாமல் இருந்தன.

உள்ளே பேச்சி வாந்தியெடுக்கும் சத்தமும், "எதுக்களிச்சா எதுக்களிக்கட்டும், இன்னொரு வாய் குடி புள்ள" என்று சின்னத்தாய் அதட்டும் சத்தமும் கேட்டன.

பெட்டிக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அது எழுந்து என்னை முறைத்துவிட்டு, உலகத்துக்கே கேட்கும்படி கொக்கரித்துக்கொண்டு வெளியேறியது. பெட்டியில், மிச்சமிருந்த பொய் முட்டைக்குப் பக்கத்தில், இன்னொன்று கிடந்தது. சின்னது. ஓட்டில் லேசாக ரத்தக் கோடு. முதல் முட்டை அப்படித்தான் இருக்கும். முத்திரை இல்லாததால் அது நிஜம் என்று தெரிந்தது.

"சின்னத்தாய்! முட்டை!" என்று கத்தினேன். வெட்கமில்லாமல் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

"அங்கனயே இருக்கட்டும்யா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுப்புல கஞ்சி கொதிக்குது. அப்பறமா வந்து பாக்குறேன்."

வைக்கோலைக் கிளறினேன். அடியில் இன்னும் மூன்று. எப்போது இட்டவையோ, யாரும் பார்த்திருக்கவில்லை.

வெறும் கூடைகளோடு திரும்பினேன். முட்டையிடும் கோழியை மாற்ற விதியில் இடமில்லை என்று எழுதினேன். உண்மையாகவே இடமில்லை. கோழிகள் சின்னத்தாய்க்கே சொந்தமாயின. பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து நிலைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. என் வேலை கோழியோடு.

அதிகாரிக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. எல்லாம் முறைப்படி இருந்தபோது முட்டையிடாத கோழிகள், ஒன்றையும் மாற்றாதபோது எப்படி முட்டையிட்டன? காரணம் எழுது என்றார். "யாரும் தொடவில்லை" என்று எழுதினேன். மதுரையிலிருந்து திரும்பி வந்த தாளில் அந்த வரி அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் "தவிட்டின் அளவு கூட்டப்பட்டது" என்று இருந்தது. பிறகு அதுவே எல்லா ஊருக்கும் சுற்றறிக்கையாகப் போயிற்று. இன்று உங்கள் கையேட்டிலும் இருக்கிறது. தமிழாக்கியது நான்தான் என்று முன்பே சொன்னேன்.

ஆகவே, முதல் முட்டைக்கு ஏங்கும் ஒரு கொல்லைக்கு நீங்கள் போகும்போது கொண்டையைப் பாருங்கள், கிளிஞ்சலைப் பாருங்கள். அதன் பிறகு, அந்த வீட்டில் அந்த முட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது யார், அது வராவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் உங்களால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்திருப்பது நல்லது.

தவிடும் கூட்டி வையுங்கள். கோழிக்கு அது பிடிக்கும்.